கந்தகத்தை எதில் கட்டுவது? லித்தியம்-கந்தக மின்கலத்துக்கான பாலிமர் கேத்தோடின் மூலக்கூறு அமைப்பு குறித்த முழுமையான வழிகாட்டி

எங்கள் ஆய்வக மேசையில் இரண்டு சிறு கண்ணாடிக் குப்பிகள் இருக்கின்றன. இரண்டிலும் கறுப்புத் தூள்தான். இரண்டிலும் எடையில் 42 சதவீதம் கந்தகம். ஒன்று, கந்தகத்தையும் கரித்தூளையும் சிறிது பாலிமரையும் சேர்த்து அரைத்த வெறும் கலவை. மற்றொன்று, கந்தகமும் பாலிஅக்ரிலோநைட்ரைலும் உலையில் 300 டிகிரி செல்சியசில் சேர்ந்து வெந்து ஒரே பொருளாக மாறியது. முதல் குப்பியில் இருப்பதை டொலுயீனில் போட்டுக் குலுக்கினால் கரைப்பான் மஞ்சளாகிவிடும். இரண்டாவதை எத்தனை முறை கழுவினாலும், முறையாகத் தயாரித்திருந்தால், கரைப்பான் தெளிவாகவே இறங்கும். கந்தகத்தின் அளவு ஒன்றாக இருந்தும் நடத்தை இவ்வளவு மாறுபடுவதற்குக் காரணம் மூலக்கூறு அமைப்பு. அந்த அமைப்பைப் படித்தறிவது, உருவாக்குவது, சரிபார்ப்பது, கணக்கில் எழுதுவது ஆகியவற்றைப் பாளையங்கோட்டைப் பக்கம் எம்.எஸ்ஸி. ஆய்வுத்திட்டம் செய்யும் என் மாணவர்களுக்குச் சொல்லித்தரும் அதே வரிசையில் இங்கே எழுதுகிறேன்.

சொல் ஒன்றைப் பற்றி முதலிலேயே தெளிவு வேண்டும். நம் பள்ளிப் பாடத்தில் மின்னாற்பகுப்பைப் படிக்கும்போது கேத்தோடு என்பதை எதிர்மின்வாய் என்று பழகிவிடுகிறோம். மின்கலம் மின்சாரம் தரும்போது கேத்தோடுதான் நேர்முனை. இந்த இடத்தில் குழம்பிய மாணவர்கள் வாய்மொழித் தேர்வில் திணறுவதை ஆண்டுதோறும் பார்ப்பதால், இந்தக் கட்டுரை முழுவதும் கேத்தோடு, ஆனோடு என்றே எழுதுகிறேன். லித்தியம்-கந்தக மின்கலத்தில் கந்தகம் இருப்பது கேத்தோடு. லித்தியம் உலோகம் இருப்பது ஆனோடு.

வளையமாக இருக்கும் கந்தகம்

கந்தகம் நம் பக்கத்துக்குப் புதிய பொருள் அன்று. கோவில்பட்டித் தீப்பெட்டியிலும் சிவகாசி வெடியிலும் அது இருக்கிறது. சாம்பல் நோய்க்குத் தெளிக்கும் நனையும் கந்தகம் எந்த உரக்கடையிலும் கிடைக்கும். (அந்த உரக்கடைக் கந்தகத்தை ஆய்வுக்கு வாங்க வேண்டாம். அதில் 80 சதவீதம்தான் கந்தகம். மீதி, தூள் நீரில் பரவுவதற்காகச் சேர்க்கப்பட்டவை.) அறை வெப்பநிலையில் அது எட்டு அணுக்கள் கிரீடம்போல் மேலும் கீழுமாக வளைந்து இணைந்த வளையமாக உள்ளது. இரண்டு கந்தக அணுக்களுக்கு இடையிலான பிணைப்பின் நீளம் சுமார் 2.05 ஆங்ஸ்ட்ராம்.

ஒவ்வொரு கந்தக அணுவும் இரண்டு எலெக்ட்ரான்களை ஏற்று லித்தியம் சல்பைடாக மாறும் என்பதால், கணக்குப்படி ஒரு கிராம் கந்தகம் 1672 மில்லியாம்பியர் மணி மின்னூட்டத்தைத் தாங்க வேண்டும். இரண்டு எலெக்ட்ரானுக்கு உரிய பாரடே மின்னூட்டத்தை 32.06 என்ற அணு எடையாலும் 3.6 என்ற மாற்று எண்ணாலும் வகுத்தால் இந்த எண் வரும்; மாணவர்கள் ஒருமுறையாவது தாமே போட்டுப் பார்க்க வேண்டும். இன்றைய லித்தியம்-அயனி மின்கலங்களின் ஆக்சைடு கேத்தோடுகள் கிராமுக்கு ஏறத்தாழ 150 முதல் 200 வரை தருகின்றன என்பதை இதனோடு வைத்துப் பார்த்தால், கந்தகத்தின் மேல் ஏன் இத்தனை பேர் கண் வைத்திருக்கிறார்கள் என்பது விளங்கும்.

இடர்களும் அந்த வளையத்திலிருந்தே தொடங்குகின்றன. கந்தகம் மின்சாரத்தை ஏறக்குறைய கடத்துவதே இல்லை. லித்தியம் சல்பைடாக மாறும்போது பருமன் சுமார் 80 சதவீதம் பெருகுவதால் மின்வாயின் பூச்சு வெடித்து உதிர்கிறது. எல்லாவற்றிலும் பெரிய இடர், வளையம் உடையும் விதம். முதலில் எட்டு அணு, பிறகு ஆறு, நான்கு என்று நீண்ட பாலிசல்பைடுகள் உருவாகின்றன. ஈத்தர் வகை மின்பகுளியில் இவை நன்றாகக் கரைந்து, இரு மின்வாய்களுக்கும் நடுவே உள்ள பிரிப்பானைக் கடந்து லித்தியத்தைச் சென்று தாக்குகின்றன. அங்கே குறுகிய துண்டுகளாகித் திரும்பி வந்து மறுபடியும் நீள்கின்றன. மின்னேற்றம் நடந்துகொண்டே இருக்கும், மின்கலம் நிறையாது.

சோதனைக் குழாயில் ஒரு பாடம்

பாலிமரைத் தொடுமுன் என் மாணவர்கள் அனைவரையும் புகைபோக்கி அலமாரிக்குள் கந்தகத்தை மட்டும் உருக்கிப் பார்க்கச் சொல்வது வழக்கம். எண்ணெய்க் குளியலில் சோதனைக் குழாய், அதனுள் வெப்பமானியும் கண்ணாடிக் கோலும், வேறொன்றும் தேவையில்லை. 120 டிகிரி அளவில் கந்தகம் உருகி, தேன் நிறத்தில், தண்ணீர்போல ஓடும். 159 டிகிரியைத் தாண்டியதும் நிறம் செம்பழுப்பாக மாறத் தொடங்கி, கோல் கனக்கும். அல்வா கிண்டும்போது பதம் நெருங்கியதும் துடுப்பு திடீரெனக் கனக்குமே, கைக்கு அதே உணர்வு. 187 டிகிரி அளவில் பாகுநிலை உச்சத்தைத் தொடும். வளையங்கள் உடைந்து, ஒன்றின் நுனி மற்றொன்றின் நுனியைப் பற்றி, ஆயிரக்கணக்கான அணுக்கள் கொண்ட சங்கிலிகளாகிவிட்டன என்பதே இதன் பொருள். அதாவது கந்தகம் தானே ஒரு பாலிமராகிவிட்டது.

அந்தக் குழம்பைக் குளிர்ந்த நீரில் ஊற்றினால் ரப்பர்போல் இழுபடும் பொருள் கிடைக்கும். மாணவர்கள் அதை இழுத்து மகிழ்வார்கள். சில நாட்கள் கழித்து எடுத்துப் பார்த்தால் அது மஞ்சளாகி, கையில் பொடியும். சங்கிலி தன் நுனியிலிருந்து அவிழ்ந்து மீண்டும் எட்டு அணு வளையமாகிவிட்டிருக்கும். நுனி கட்டப்படாத கந்தகச் சங்கிலி நிலைக்காது. ஆகவே எந்தப் பாலிமர் கேத்தோடைப் பற்றிப் படித்தாலும் இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும்: கந்தகச் சங்கிலியின் நுனி எதில் கட்டப்பட்டிருக்கிறது? ஒரு கட்டுக்கும் அடுத்த கட்டுக்கும் இடையே எத்தனை கந்தக அணுக்கள் இருக்கின்றன? மற்ற எல்லாம் இந்த இரண்டு கேள்விகளின் விடையிலிருந்து பிறப்பவை.

பாலிமர் செய்யும் மூன்று வேலைகள்

முதல் வேலை மூடுதல். 2009இல் கனடாவின் லிண்டா நாசர் குழுவினர் நுண்துளைக் கார்பனுக்குள் கந்தகத்தை உருக்கி இறக்கி, மேலே பாலிஎத்திலீன் கிளைக்கால் பூச்சு கொடுத்தனர். பாலிஅனிலீன், பாலிபைரோல் போன்ற மின்கடத்தும் பாலிமர்களால் உறை செய்தவர்களும் உண்டு. இங்கே கந்தகம் வளையமாகவே இருக்கிறது. முதல் கேள்விக்கு விடை ‘எதிலும் இல்லை’ என்பதே. உறை பழுதுபட்டால் கசிவு தொடங்கிவிடும்.

இரண்டாவது பற்றுதல். பாலிவினைல் பைரோலிடோனில் உள்ள கார்பனைல் ஆக்சிஜன் லித்தியம் சல்பைடின் லித்தியத்தை ஈர்த்துப் பிடிக்கிறது. வேல மரப் பிசின் எனப்படும் அரபிக் கோந்தில் உள்ள ஹைட்ராக்சில் தொகுதிகளும் இதைச் செய்வதால், அதைப் பிணைப்பானாக (மின்வாய்த் தூளை ஒட்டிவைக்கும் பசையாக) பயன்படுத்தி 2015இல் ஆய்வு வெளிவந்தது. கரிசல் காட்டில் கருவேல மரத்தைப் பார்த்து வளர்ந்த மாணவர்களிடம் இதைச் சொல்லும்போது முகம் மலர்வதைக் கண்டிருக்கிறேன். ஆனால் இதுவும் பலவீனமான பற்றுதான், சகப்பிணைப்பு அன்று.

மூன்றாவது கட்டுதல். கந்தகத்தைக் கார்பனோடு சகப்பிணைப்பால் இணைப்பது. 1980களின் இறுதியில் அமெரிக்காவின் பெர்க்லியில் ஸ்டீவன் விஸ்கோவும் உடன் பணியாற்றியவர்களும் டைசல்பைடுப் பாலிமர்களைக் கேத்தோடாகப் பயன்படுத்தினர். கந்தகம்-கந்தகம் பிணைப்பு உடைவதும் சேர்வதுமே மின்னிறக்கமும் மின்னேற்றமும் ஆனது. அவ்வகையில் பெரிதும் பேசப்பட்ட டைமெர்கேப்டோதயாடயசோலின் கொள்திறன் கணக்குப்படி கிராமுக்கு 362 மில்லியாம்பியர் மணிதான். ஒவ்வொரு கட்டுக்கும் நடுவே இரண்டே கந்தக அணுக்கள். ஆனால் அவற்றைத் தாங்கும் கரிம வளையம் மிகக் கனமானது.

2013இல் அரிசோனா பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி பியூன் குழுவினர் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தனர். ரப்பரில் சிறிது கந்தகம் சேர்த்து வல்கனைஸ் செய்வதற்கு மாறாக, உருகிய கந்தகத்தில் சிறிது டைஐசோபுரோபினைல்பென்சீனைச் சேர்த்து 185 டிகிரியில் சூடாக்கினர். ‘தலைகீழ் வல்கனைசேஷன்’ என்ற பெயர் அப்படி வந்தது. சற்றுமுன் சோதனைக் குழாயில் பார்த்த அதே சங்கிலிகளின் நுனிகளை இந்த மூலக்கூறு தன் இரண்டு இரட்டைப் பிணைப்புகளால் கட்டிவிடுகிறது.

இங்கே நம் இரண்டாவது கேள்வியைக் கேட்டுப் பார்ப்போம். டைஐசோபுரோபினைல்பென்சீனின் மூலக்கூறு எடை 158.24. ஒவ்வொரு இரட்டைப் பிணைப்பும் இரண்டு கந்தக நுனிகளைக் கட்டும். ஒரு மூலக்கூறு நான்கு நுனிகளைக் கட்டும். ஒரு சங்கிலிக்கு இரண்டு நுனிகள் என்பதால், மூலக்கூறு ஒன்றுக்கு இரண்டு சங்கிலிகள். எடையில் பாதி கந்தகம் என்றால் மூலக்கூறு ஒன்றுக்கு ஏறத்தாழ 4.9 கந்தக அணுக்கள், அதாவது சங்கிலிக்குச் சராசரியாக இரண்டரை அணுக்கள். 90 சதவீதம் கந்தகம் என்றால் மூலக்கூறு ஒன்றுக்கு 44 அணுக்கள், சங்கிலிக்கு 22.

மாட்டைக் கட்டும் கயிற்றைப் போல இதை எண்ணிக்கொள்ளலாம். கயிறு குட்டையாக இருந்தால் மாடு முளையைச் சுற்றியே நிற்கும். நீளமாக இருந்தால் பக்கத்து வயலில் வாய் வைக்கும். ஆனால் கந்தகத்தின் செய்தி இன்னும் கடுமையானது. லித்தியம் வந்து கயிற்றையே பல இடங்களில் அறுக்கிறது. 22 அணுக்கள் கொண்ட சங்கிலி அறுபடும்போது நடுவில் கிடைக்கும் துண்டுகள் எந்த முளையிலும் கட்டப்படாதவை. அவை சாதாரண லித்தியம் பாலிசல்பைடுகளே, கரைந்து ஓடும். இரண்டு அணுக்கள் மட்டும் இருந்தால் அறுந்த இரு பாதிகளும் தத்தம் முளையிலேயே நிற்கும். மூன்று இருந்தால் நடுவில் உள்ள ஒற்றை அணு லித்தியம் சல்பைடாகும். அது கரையாத திண்மம். ஆகவே 90 சதவீதம் கந்தகம் கொண்ட பாலிமரைக் கண்டதும் மயங்கிவிடக் கூடாது என்பது என் கருத்து. தாங்கும் அளவும் தங்கும் அளவும் எதிரெதிராக இழுக்கின்றன.

பாலிஅக்ரிலோநைட்ரைலில் நடப்பது என்ன

இந்த இழுபறியில் இன்றுவரை நிதானமாக நிற்பது கந்தகமேற்றிய பாலிஅக்ரிலோநைட்ரைல் என்பது என் மதிப்பீடு. 2002இல் சீனாவின் ஜியுலின் வாங்கும் உடன் ஆய்வாளர்களும் இதை வெளியிட்டனர். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ‘ஸ்பான்’ என்பார்கள். மூலப்பொருளான பாலிமர் ‘பான்’. கம்பளிபோல் இருக்கும் அக்ரிலிக் நூல் பெரும்பாலும் இந்தப் பான்தான். ஆனால் நூலில் 15 சதவீதம் வரை வேறு ஒருபடிகள் (பாலிமர்ச் சங்கிலியாகக் கோக்கப்படும் சிறு மூலக்கூறுகள்) கலந்திருக்கலாம் என்பதால், ஆய்வுக்குத் தூய தூளையே வாங்க வேண்டும்.

பானின் ஒவ்வோர் அலகிலும் மூன்று கார்பன், மூன்று ஹைட்ரஜன், ஒரு நைட்ரஜன், எடை 53.06. நீண்ட கார்பன் முதுகெலும்பில் ஒன்றுவிட்டு ஒரு கார்பனில் நைட்ரைல் தொகுதி தொங்குகிறது. சூடாக்கும்போது இரண்டு மாற்றங்கள் நிகழ்கின்றன. முதலாவது, பக்கத்துப் பக்கத்து நைட்ரைல்கள் ஒன்றன் கார்பனை அடுத்ததன் நைட்ரஜன் பற்ற, கைகோத்து நிற்பதுபோல் ஆறு அணு வளையங்களின் வரிசையாகின்றன. கார்பன் இழை செய்பவர்கள் 200 முதல் 300 டிகிரிக்குள் பானைப் பதப்படுத்தும்போது நடப்பதும் இதே மாற்றந்தான். இரண்டாவது, கந்தகம் முதுகெலும்பின் ஹைட்ரஜனைப் பறித்து ஹைட்ரஜன் சல்பைடாக வெளியேறுகிறது. ஹைட்ரஜன் போன இடத்தில் ஒன்றுவிட்டு ஒன்றாக இரட்டைப் பிணைப்புகள் உருவாகி, பிரிடின் போன்ற வளையங்கள் அமைகின்றன. வெள்ளைத் தூள் கறுப்பதும், மின்சாரம் ஓரளவு கடத்தத் தொடங்குவதும் இதனால்தான்.

ஹைட்ரஜன் நீங்கிய கார்பன்களில் சில இடங்களில் கந்தகம் பிணைகிறது. கயிறு குட்டையானது: பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று அணுக்கள், சில இடங்களில் நான்கு. அதன் இரு நுனிகளும் ஒரே சங்கிலியில் பக்கத்துப் பக்கத்தில் கட்டப்பட்டிருக்கலாம், அல்லது இரண்டு சங்கிலிகளுக்குக் குறுக்கே பாலமாக இருக்கலாம். 2011இல் ஜெர்மனியில் மைக்கேல் புக்மைசர் குழுவினர் இந்த அமைப்பையும் மின்வேதி நடத்தையையும் இணைத்து விரிவாக எழுதினர். கந்தகம் எந்தெந்த இடத்தில் எந்த விகிதத்தில் கட்டப்பட்டுள்ளது என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் ஒருமித்த முடிவு இல்லை. ஒரே வரைபடத்தை மனப்பாடம் செய்து அதுவே உண்மை என்று எழுதும் மாணவர்களை நான் திருத்துவதுண்டு. இது ஒழுங்கற்ற திண்மம். சராசரியைத்தான் பேச முடியும்.

உலையில் வைக்கும் முன்

பானையும் கந்தகத்தையும் எடையில் ஒன்றுக்கு நான்கு என்ற அளவில் கல்வத்திலிட்டு அரைமணி நேரம் அரைக்க வேண்டும். கந்தகம் மிகுதியாக இருப்பது வீணன்று. ஹைட்ரஜனைப் பறிப்பதற்கும் அது செலவாகிறது. குழாய் உலையில், ஆர்கான் அல்லது நைட்ரஜன் ஓட்டத்தில், 155 டிகிரியில் ஒருமணி நேரம் நிறுத்தி உருகிய கந்தகம் பாலிமரை நனைக்கவிட்டு, பிறகு 300 டிகிரிக்கு நிமிடத்துக்கு இரண்டு மூன்று டிகிரி வீதம் ஏற்றி, ஆறு மணி நேரம் வைக்கலாம். வெப்பத்தை 400க்கு மேல் கொண்டுபோனால் கடத்துதிறன் கூடும்; கட்டிய கந்தகம் குறையத் தொடங்கும்.

ஹைட்ரஜன் சல்பைடைப் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும். ஒவ்வோர் அலகும் இரண்டு ஹைட்ரஜனை இழக்கிறது என்று வைத்தால், ஒரு கிராம் பானிலிருந்து குறைந்தது 0.46 லிட்டர் ஹைட்ரஜன் சல்பைடு வெளிவரும். 12 அடிக்கு 10 அடி, உயரம் 10 அடி உள்ள அடைத்த அறையில் அது முழுவதும் கசிந்தால் காற்றில் பத்து லட்சத்துக்குப் 13 பங்கு ஆகும். ஐந்து கிராம் என்றால் 65ஐத் தாண்டும். 100 பங்கு என்பது உயிருக்கு உடனடி ஆபத்து என்று அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிறுவனம் குறித்துள்ள அளவு. அந்த அளவில் மூக்கு மரத்துப்போய் அழுகிய முட்டை நாற்றமே தெரியாது. நாற்றம் நின்றுவிட்டது என்று நிம்மதி அடைவது இங்கே உயிரைப் பறிக்கும். ஆகவே ஒருமுறைக்கு ஒரு கிராம் பானுக்கு மேல் வைக்காதீர்கள். வெளியேறும் வாயுவை முதலில் ஒரு காலிப் போத்தல் (உலை குளிரும்போது கரைசல் பின்னோக்கி ஏறாமலிருக்க), அதன்பின் 10 சதவீதக் காஸ்டிக் சோடா கரைசல் உள்ள இரண்டு போத்தல்கள் வழியே செலுத்துங்கள். பயன்படுத்திய அந்தக் கரைசலில் எக்காரணம் கொண்டும் அமிலத்தை ஊற்றாதீர்கள். பிடித்துவைத்த வாயு முழுவதும் மறுபடி வெளிவந்துவிடும்.

எங்களுக்கு நேர்ந்த ஒரு தவறையும் சொல்ல வேண்டும். மிகுதிக் கந்தகம் ஆவியாகி உலைக்கு வெளியே குளிர்ந்திருக்கும் குழாய் நுனியில் படியும் என்பதை எண்ணாமல், ஒரு மாணவர் குறுகலான கண்ணாடி முனையைப் பொருத்தியிருந்தார். நானும் பார்த்துவிட்டுச் சரி என்று தலையசைத்தேன். நான்கு மணி நேரத்தில் மஞ்சள் கந்தகம் முனையை முழுவதும் அடைத்துவிட்டது. வாயு போக வழியில்லாமல், எதிர்முனையில் இருந்த ரப்பர் அடைப்பான் தெறித்து விழுந்தது. புகைபோக்கி ஓடிக்கொண்டிருந்ததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து வெளியேறும் முனை கட்டைவிரல் நுழையும் அளவு அகலமாக இருக்கிறது. போத்தலில் குமிழி வருகிறதா என்று கால்மணி நேரத்துக்கு ஒருமுறை ஒருவர் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதுகிறார்.

வெந்ததா என்று அறிவது

முதற்சோதனைக்குத் தராசு போதும். ஒரு கிராம் பான் ஹைட்ரஜனை இழந்தபின் 0.96 கிராம் முதுகெலும்பாக மிஞ்சும். விளைபொருளில் 42 சதவீதம் கந்தகம் இருக்க வேண்டுமானால் மொத்த எடை 1.66 கிராம் அளவில் வர வேண்டும். இரண்டு கிராமைத் தாண்டினால் கட்டப்படாத கந்தகம் தங்கியிருக்கிறது என்று ஐயுறலாம்.

அடுத்தது கழுவுதல். டொலுயீனில் கலக்கி, வடிகட்டி, வடிநீரை வெள்ளைத் தாளுக்கு முன் பிடித்துப் பாருங்கள். “சார், கழுவக் கழுவ மஞ்சளாவே எறங்குதே” என்று ஒரு மாணவி கலங்கி நின்றது நினைவிருக்கிறது. அவருடைய தூளில் உலை வெப்பம் முழுமையாகச் சேராத நடுப்பகுதி இருந்தது; படகு போன்ற பீங்கான் கலத்தில் தூளை மேடாகக் குவித்திருந்தார். மெல்லிய படுகையாகப் பரப்பி மறுபடி வைத்ததும் இரண்டாவது கழுவலிலேயே வடிநீர் தெளிந்தது.

அகச்சிவப்பு நிறமாலையில் முதலில் பார்க்க வேண்டிய இடம் 2243 என்ற அலை எண். பானில் அங்கே நைட்ரைலின் கூரிய உச்சி இருக்கும். ஸ்பானில் அது மறைந்திருக்க வேண்டும். கைகோத்த நைட்ரைல் இனி நைட்ரைலாக இருக்க முடியாது அல்லவா? 670 அளவில் கார்பன்-கந்தகப் பிணைப்பும், 512 அளவில் கந்தகம்-கந்தகப் பிணைப்பும், 800 அளவில் ஆறு அணு வளையத்தின் அசைவும் தெரியும். எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவு வரைபடத்தில் 23 டிகிரியில் உள்ள கந்தகப் படிகத்தின் கூரிய கோடு மறைந்து, 25 டிகிரியைச் சுற்றி அகன்ற மேடு மட்டும் இருக்க வேண்டும். படிகக் கோடு இல்லை என்பது மட்டும் போதாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். படிகமாகாத கந்தகமும் ஒளிந்திருக்கலாம். அதற்கு வெப்ப எடை ஆய்வு உதவும்: கட்டப்படாத கந்தகம் 300 டிகிரிக்குள் ஆவியாகிப் போகும், கட்டிய கந்தகம் போகாது.

என் மனத்துக்கு மிகவும் நெருக்கமான சோதனை தனிம ஆய்வு. அலகு ஒன்றில் மூன்று கார்பன், ஒரு ஹைட்ரஜன், ஒரு நைட்ரஜன், ஒரு கந்தகம் என்று கற்பனை செய்தால் கார்பன் 43.4, ஹைட்ரஜன் 1.2, நைட்ரஜன் 16.9, கந்தகம் 38.6 சதவீதம் வரும். உங்கள் அளவீட்டில் கந்தகம் 42 என்றால் வளையம் ஒன்றுக்குச் சராசரியாக 1.15 கந்தக அணு. நைட்ரஜனுக்கும் கார்பனுக்கும் உள்ள அணு விகிதம் மூன்றில் ஒன்றாகவே இருக்கிறதா என்று பாருங்கள். குறைந்திருந்தால் வளையங்கள் சிதையத் தொடங்கிவிட்டன. ஹைட்ரஜன்-கார்பன் விகிதம் பானில் 1; நன்கு வெந்ததில் அது மூன்றில் ஒன்றை நெருங்கும். பாதியில் நின்றால் வேக்காடு போதவில்லை. மூன்று எண்கள், ஒரு மூலக்கூறின் கதை.

எண்ணுவதில் நேர்மை

42 சதவீதக் கந்தகம் உள்ள ஸ்பானின் கொள்திறன், 1672ஐ 0.42ஆல் பெருக்க, கிராமுக்கு 702 மில்லியாம்பியர் மணி. இது பொருள் முழுவதன் எடைக்கு. கந்தகத்தின் எடைக்கு மட்டும் எழுதினால் 1672. இரண்டையும் குறிப்பிடாமல் பெரிய எண்ணை மட்டும் எழுதுவது ஆய்வேடுகளில் மிகுந்துவிட்டது. அதை நான் ஏற்பதில்லை. மின்கலத்தில் கந்தகத்தோடு முதுகெலும்பையும் சேர்த்தே சுமக்கிறோம்.

இங்கேதான் அமைப்பைப் பற்றிய அழகான புதிர் எழுகிறது. இரண்டு அணுக்கள் உள்ள கயிற்றில் நடுப்பிணைப்பு மட்டும் உடைந்தால் கந்தக அணுவுக்கு ஓர் எலெக்ட்ரான்தான், கந்தகத்தின் எடைக்குக் கொள்திறன் 836. மூன்று அணுக்கள் என்றால் நான்கு எலெக்ட்ரான், 1115. நான்கு அணுக்கள் என்றால் 1254. ஆனால் வெளியான ஆய்வுகளில் ஸ்பான் இவற்றைத் தாண்டி 1672ஐ நெருங்குவது பதிவாகியுள்ளது. அப்படியானால் கந்தகம்-கந்தகப் பிணைப்போடு கார்பன்-கந்தகப் பிணைப்பும் உடைந்து மீண்டும் சேர வேண்டும், அல்லது முதுகெலும்பின் கார்பன்-நைட்ரஜன் இரட்டைப் பிணைப்புகளும் லித்தியத்தை ஏற்க வேண்டும். இரண்டுமே நடப்பதாகச் சான்று காட்டியவர்கள் உண்டு. முதல் மின்னிறக்கம் மட்டும் பின்வருபவற்றைவிடத் தாழ்ந்த மின்னழுத்தத்தில், மிகுந்த கொள்திறனோடு நடப்பதும் இதனோடு தொடர்புடையது. அப்போது முதுகெலும்பில் புகுந்த லித்தியத்தின் ஒரு பகுதி திரும்பி வருவதில்லை.

மின்கலமாகக் கட்டுதல்

இந்தப் பகுதி எல்லா மின்கலங்களுக்கும் பொதுவானது என்பதால் சுருக்கமாக முடிக்கிறேன். ஸ்பான் 80, கரித்தூள் 10, பிணைப்பான் 10 என்ற எடை விகிதத்தில் குழைத்து, அலுமினியத் தாளில் சீராகப் பூசி, 60 டிகிரி வெற்றிடத்தில் ஓர் இரவு உலர்த்துங்கள். ஆர்கான் நிரம்பிய குளோவ் பாக்ஸில் (கையுறை பொருத்திய, காற்றுப் புகாத பெட்டியில்) லித்தியத் தகட்டை எதிர்வைத்துக் காசு மின்கலமாக மூடலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் அறைக்காற்றின் ஈரம் ஏறிக் கிடக்கும். அந்த மாதங்களில் உலர்த்திய மின்வாயைச் சூடு ஆறுமுன் உள்ளே கொண்டுபோக வேண்டும். இந்த வசதிகள் எல்லாக் கல்லூரிகளிலும் இல்லை என்பது எனக்குத் தெரியும். நம் தென்மாவட்டங்களுக்கு அருகே மின்வேதியியலுக்கென்றே 1953 முதல் காரைக்குடியில் ஆய்வு நிறுவனம் இயங்குகிறது. அங்கே கோடைக்காலப் பயிற்சிக்கு விண்ணப்பிக்க என் மாணவர்களைத் தூண்டிக்கொண்டே இருக்கிறேன்.

மின்பகுளியைத் தேர்வதில் மட்டும் சற்று நிற்போம். சாதாரணக் கந்தகக் கேத்தோடை, லித்தியம்-அயனி மின்கலத்தில் இருக்கும் கார்பனேட் மின்பகுளியில் வைத்தால் சில சுற்றுகளிலேயே அழிந்துவிடும். கரைந்த பாலிசல்பைடு கார்பனேட் மூலக்கூறைத் தாக்கி, திரும்ப முடியாதபடி செலவாகிவிடுகிறது. ஸ்பான் அதே கார்பனேட்டில் நன்றாக ஓடும். ஓடவேண்டிய பாலிசல்பைடே உருவாகவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா? ஆகவே கார்பனேட்டில் ஒரு மின்கலம், ஈத்தரில் ஒரு மின்கலம் என்று இரண்டையும் கட்டச் சொல்வேன்.

மின்னிறக்கக் கோட்டையும் இதே கண்ணோடு படியுங்கள். வளையக் கந்தகம் இரண்டு படிக்கட்டுகளைக் காட்டும்: 2.3 வோல்ட்டுக்கு மேல் ஒன்று, அது நீண்ட பாலிசல்பைடுகள் உருவாகும் கட்டம்; 2.1 வோல்ட்டில் மற்றொன்று. ஸ்பானில் முதற்சுற்றுக்குப் பிறகு மேல்படி இராது, சுமார் 2.2 வோல்ட்டில் தொடங்கி 1.7 வரை சாய்ந்து இறங்கும் ஒற்றைச் சரிவுதான் இருக்கும். 2.3 அருகே சிறு தோள்போல் ஒரு மேடு தெரிந்தால், கழுவலில் தப்பிய கந்தகம் உள்ளே இருக்கிறது.

இந்தக் கேத்தோடால் எதை இழக்கிறோம் என்பதையும் மறைக்கக் கூடாது. மின்னழுத்தம் குறைவு, கந்தகத்தின் பங்கு பாதிக்கும் கீழே. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் சுழலும் காற்றாலைகளின் மின்சாரத்தைச் சேமிக்க இது உதவுமா என்று நம் ஊர்க் கூட்டங்களில் கேட்கிறார்கள். தரையில் நிற்கும் சேமிப்புக்கு எடை ஒரு பொருட்டன்று. விலையும் ஆயுளும்தான் பொருட்டு. லித்தியம்-கந்தகத்தின் பலம் எடைக்குறைவு. 2010இல் சூரிய ஒளியில் பறந்த ஸெஃபிர் என்ற ஆளில்லா வானூர்தி இரு வாரங்கள் தரையிறங்காமல் பறந்தபோது இரவில் அதைத் தாங்கியது லித்தியம்-கந்தக மின்கலமே. அவ்வகைப் பயனுக்கே இந்த ஆய்வு முதலில் பொருந்தும் என்று மாணவர்களிடம் நேராகச் சொல்லிவிடுகிறேன்.

கடைசிச் சோதனையை மின்கலம் நூறு சுற்றுகள் ஓடி முடித்தபின் செய்ய வேண்டும். முழுவதும் மின்னேற்றிய நிலையில், குளோவ் பாக்ஸுக்குள்ளேயே, மூடியை மெல்லப் பிரித்துப் பிரிப்பானை இடுக்கியால் எடுத்து விளக்குக்கு நேரே பிடியுங்கள். வெறும் கலவையால் கட்டியதை ஈத்தர் மின்பகுளியில் ஓட்டியிருந்தால் அது பழுப்பும் மஞ்சளுமாகக் கறைபடிந்திருக்கும். அதன் பின்னால் உள்ள லித்தியமும் நிறம் மாறியிருக்கும். கார்பனேட்டில் ஓடிய ஸ்பானின் பிரிப்பான் வெள்ளையாக இருக்க வேண்டும். விளிம்பில் மட்டும் மஞ்சள் வளையம் தெரிந்தால், அந்தத் தொகுதித் தூளின் உலைக் குறிப்பேட்டைத் திரும்ப எடுத்து, படுகையின் தடிமன் என்ன, 300 டிகிரியில் எத்தனை மணி நேரம் நின்றது என்ற இரண்டு வரிகளை முதலில் பாருங்கள்.